அடுக்கு சாண்ட்விச்

ஆங்கில தேசத்தில் சாண்ட்விச் பிரபுவாக விளங்கிய ஜான் மாண்டேகுவின் பட்டப்பெயரைத் தாங்கி, 18-ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்த சிற்றுண்டி, பம்பாய் வீதிகளை அடைந்தபின், கொத்துமல்லிச் சட்னியையும் வேகவைத்த உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டையும் ஏற்று, முற்றிலும் நம் தேசத்துப் பண்டமாகவே ரூபாந்தரம் அடைந்துவிட்டது. ஜவ்வாது மலையடிவாரத்துக் கண்ணமங்கலத்திலும், கடைத்தெருவில் கிடைக்கும் ரொட்டியையும் காய்களையும் கொண்டே இதனை இல்லத்தில் சிரமமின்றித் தயாரிக்கலாம்.

இதில் பிரதானமானது வெண்ணெய்தான். மூன்று ரொட்டித் துண்டுகளிலும், நடுத்துண்டில் இருபுறமும், ஓரம்வரை அதனைப் பூசிவிட்டால், அதன் கொழுப்பு ஒரு திரைபோல் நின்று, காய்களின் நீர் ரொட்டிக்குள் இறங்காதபடி தடுத்துவிடும். சட்னியோ அதன்மேல்தான், அதுவும் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் கெட்டியாக அரைத்ததாக இருத்தல் அவசியம்.

கீழ் அடுக்கில் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும், மேல் அடுக்கில் மெல்லிய வில்லைகளாக அரிந்த வெள்ளரியும் தக்காளியும் வெங்காயமும் வைத்து, மூடும் தருணத்தில் மட்டுமே உப்பும் மிளகுப்பொடியும் தூவ வேண்டும். முன்னதாகத் தூவினால் காய்கள் நீர்விட்டுப் பக்குவம் கெட்டுவிடும். பிறகு உள்ளங்கையால் இலேசாக அழுத்தி, கூரிய கத்தியால் மூலைக்கு மூலை அரியலாம்.

நேயர்களே, அரிந்த கையோடு பரிமாறிவிடுங்கள். குழந்தைகளுக்குப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதாயின், தக்காளியை மட்டும் தவிர்த்துவிடுவது உத்தமம்.