படபடப்பு ஓய்ந்த பின்னும்

நோயுற்றோரைச் சந்திக்கச் சென்றபோது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கண்டோம். அவ்வப்போது அவருக்கு நெஞ்சு படபடக்கும். சில மணி நேரத்தில் தானே அடங்கும். மூன்று மாதங்கள் படபடப்பு வராததால், நோய் தீர்ந்ததென எண்ணி மருந்துகள் அனைத்தையும் நிறுத்திவிட்டார். ஒருநாள் காலையில் வலக்கை செயலிழந்தது, நாவும் குழறியது.

அவருக்கிருந்த நோயை மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நிலை இது. விட்டு விட்டு வரும் வகையில் இந்நடுக்கம் ஏழு நாட்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் நடுங்கும் அறையில் தேங்கிய இரத்தம் உறையலாம். அக்கட்டி மூளை நாளத்தை அடைத்தால் பக்கவாதம் நேரும். நோயாளி உணராமலேயே இந்நடுக்கம் வந்து போவதும் உண்டு.

இதற்கான மருந்தின் வரலாறு சுவையானது. 1912இல் டச்சு வணிகர் ஒருவர், கொயினா உட்கொண்டு தம் படபடப்பை நிறுத்திக் காட்டுவதாக வென்கெபாக் என்னும் மருத்துவரிடம் கூறினார். மறுநாள் சீரான நாடியுடன் வந்து நின்றார். கொயினா தரும் சிங்கோனாப் பட்டையிலேயே உள்ள குயினிடின் இன்னும் சிறந்ததென 1918இல் வால்டர் ஃப்ரே கண்டார்.

ஆயினும் துடிப்பைத் திருத்தும் மருந்தே அதைக் கெடுக்கவும் கூடும். மாரடைப்புக்குப் பின் மிகைத் துடிப்புகளை அடக்கக் கொடுத்த ஃப்ளெக்கனைடு போன்ற மருந்துகள் இறப்பை மிகுவித்ததாக 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, படபடப்பு தொடங்கும்போது மட்டும் இத்தகைய மாத்திரையை உட்கொள்ளும் முறையை, இதயத்தில் வேறு கோளாறற்ற சிலருக்கே மருத்துவர் பரிந்துரைக்கின்றனர். முதன்முறை மருத்துவர் கண்காணிப்பில் சோதித்தறிவதே வழக்கம்.

இங்கு நாம் மறக்கலாகாத வேறுபாடு ஒன்றுண்டு. துடிப்பைச் சீராக்கும் மருந்து வேறு. இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து வேறு. வார்ஃபரின், 2010 முதல் இந்நோய்க்கு வழங்கப்படும் டபிகாட்ரன் முதலியவை இரண்டாம் வகையைச் சார்ந்தவை. முதுமை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, முன்னர் வந்த பக்கவாதம் ஆகியவற்றை எண்ணியே மருத்துவர் இவற்றைத் தருகிறார். படபடப்பு நின்றுவிட்டதால் இவற்றின் தேவை நின்றுவிடுவதில்லை. ஆஸ்பிரின் இவற்றுக்கு ஈடாகாது. வார்ஃபரின் உட்கொள்வோர் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

இரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்துதல், உடற்பருமனைக் குறைத்தல், மதுவை விலக்குதல், குறட்டையோடு மூச்சு தடைபடும் உறக்கத்திற்குச் சிகிச்சை பெறுதல் ஆகியன படபடப்பு மீண்டும் வருவதைக் குறைக்க உதவும். மயக்கமோ நெஞ்சுவலியோ நாக்குழறலோ தோன்றின் கணமும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

அந்த ஆசிரியர் இப்போது இடக்கையால் எழுதப் பழகி வருகிறார். நம் இல்லங்களிலும் இத்தகைய மாத்திரை உண்ணும் பெரியோர் இருப்பர். “நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு?” என்று அவர்கள் கேட்கும் நாளில், மருத்துவரிடம் அழைத்துச் சென்று அவர் வாயாலேயே விடை பெறச் செய்வோம்.