மூன்று மாதக் கணக்கு

குழந்தையைக் குளிப்பாட்டும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும். ஒரு கை காற்றில் ஆடும், இன்னொரு கை துணிபோலத் தொங்கும். தோள் உள்பக்கம் திரும்பி, முழங்கை நீண்டு, மணிக்கட்டு மடங்கி, உள்ளங்கை பின்னால் பார்க்கும். மேசைக்கு அடியில் லஞ்சம் வாங்குகிறவர் கைபோல இருக்கும். எங்கள் பக்கத்துக் காலனிகளில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. "கிரகணம் பட்ட புள்ள" என்பார்கள். "தூக்கின தூக்குல பிசகிடுச்சு" என்பார்கள். மருத்துவத்தில் இதன் பெயர் எர்ப்ஸ் பால்சி. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 5 நரம்புகள் பின்னிப் பிரிந்து தோளுக்கும் கைக்கும் விரலுக்கும் போகின்றன. பிரசவத்தில் தலை வெளியே வந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இந்த நரம்புகள் இழுபடுகின்றன. மாடு கட்டும் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு இழுத்ததில் கயிறு தளர்ந்திருக்கலாம், நடுவில் அறுந்திருக்கலாம், முளைக்குச்சியோடு பிடுங்கிக்கொண்டும் வந்திருக்கலாம். தளர்ந்த நரம்பு தானாகத் தேறிவிடும். அறுந்ததும் பிடுங்கியதும் அப்படித் தேறாது. தொங்கும் கையின் பக்கமே கண்ணிமையும் சரிந்து, கருவிழியின் பாவையும் சிறுத்திருந்தால் பாதிப்பு ஆழமானது என்று அர்த்தம்.

தாய்க்குச் சர்க்கரை இருந்தாலும் குழந்தை 4 கிலோவுக்கு மேல் இருந்தாலும் தோள் மாட்டும் வாய்ப்பு அதிகம். இவை எதுவும் இல்லாத பிரசவத்திலும் மாட்டும். அந்த நேரத்தில் தாயின் இரண்டு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து மடக்கி, அடிவயிற்றில் இடுப்பெலும்புக்கு மேலே அழுத்தம் கொடுத்தால் பெரும்பாலும் தோள் விடுபடும். வயிற்றின் மேல்பக்கம் ஏறி அமுக்கினால் இன்னும் இறுகும். இது பிரசவ அறையில் நிற்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பாடம். ஆனால் பழி என்னவோ பெற்றவள் தலையில்தான் விழுகிறது. "முக்கச் சொன்னா முக்கல", "குனிஞ்சு வேல செஞ்சா". மாமியார் வீட்டிலும் இதே பேச்சு, சில நேரம் பிரசவ வார்டிலும் இதே பேச்சு. நாங்கள் சந்தித்த தாய்மார்களில் இதைக் கேட்காத ஒருத்தி இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கை தேறிவிடுகிறது. தேறுமா என்பதைக் காட்டும் அடையாளம் முழங்கை. 3 மாதத்துக்குள் குழந்தை தன் பலத்தில் முழங்கையை மடக்கத் தொடங்கினால் நல்லது. மடக்கவில்லை என்றால் நரம்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து அறுந்த இடத்தில் ஒட்டவைக்கும் அந்தச் சிகிச்சையை பெரும்பாலும் முதல் 9 மாதங்களுக்குள் செய்கிறார்கள். நரம்பு வராத தசை நாளாக நாளாகச் சுருங்கிப்போகும். அதன்பிறகு நரம்பை ஒட்டியும் பயன் குறைவு.

இந்த மூன்று மாதம் எங்கள் மக்களுக்கு எங்கே கழிகிறது? வட மாவட்டக் காலனிகளில் பல குடும்பங்களுக்குத் தையில் தொடங்கி ஆறேழு மாதம் செங்கல் சூளையில் கழிகிறது. கார்த்திகையில் பிறந்த பிள்ளை சூளையில்தான் தவழும். கிராம செவிலியரின் பதிவேடு ஊரில் இருக்கிறது, பிள்ளை சூளையில் இருக்கிறது. முன்பணம் வாங்கியவர்கள் நினைத்த நாளில் கிளம்பவும் முடியாது. கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் "கணக்கு முடியாம எங்க போற" என்ற கேள்வி சூளை வாசலில் இன்னும் நிற்கிறது.

அப்படி ஒரு சூளையில் ஒரு தாயைப் பார்த்தோம். பெண் குழந்தை, ஏழு மாதம், வலது கை. கல் அறுத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"மூணு மாசம்னு எங்களுக்கு யாருக்கா சொன்னாங்க? கேட்டதுக்கு, சரியாயிடும் போன்னாங்க. நானும் சரியாயிடும்னு எண்ணெய் தடவிக்கிட்டு இருந்தேன்."

'சரியாகிவிடும்' என்பது முழுப் பொய் இல்லை, பல குழந்தைகளுக்குச் சரியாகவே செய்கிறது. ஆனால் எந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டும், அப்புறம் எங்கே போக வேண்டும் என்று சொல்லாமல் அதைச் சொல்வதை எங்களால் ஆறுதலாக ஏற்க முடியவில்லை. படித்த வீட்டுப் பெண் திருப்பிக் கேட்பாள், இணையத்திலும் தேடுவாள். காலனிப் பெண் தலையாட்டிவிட்டு வருகிறாள். அதிகம் கேட்டால் கிடைக்கும் ஏச்சு அவளுக்குப் பழக்கமானது.

எண்ணெய் தடவினால் தவறில்லை. கையை வெடுக்கென்று இழுத்து 'சுளுக்கு எடுப்பது'தான் கூடாது. செய்யவேண்டியதை இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால், துணி மாற்றும்போதெல்லாம் வீட்டிலேயே செய்யலாம். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக முழு அளவுக்கு அசைத்துவிடவேண்டும், மூட்டு இறுகிவிடக் கூடாது. பிறந்த முதல் நாட்களில் தோளெலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். சட்டை போடும்போது பலமில்லாத கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தூளியில் கை உடம்புக்கு அடியில் சிக்காமல் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு அந்தக் கையில் உணர்வும் குறைவு. தன் விரலையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், சுடுதண்ணீர் பட்டாலும் கையை எடுக்காது. அடுப்பங்கரையில் கண் வேண்டும்.

வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியை ஆண்ட பேரரசர் இரண்டாம் வில்லியம் 1859இல் பிறந்தபோது இதே காயத்தோடு பிறந்தார். அவருடைய தாய் இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் மகள். அரண்மனையில் அந்தக் கைக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள், அப்போதுதான் கொன்ற முயலின் உடலுக்குள் கையை வைத்துச் சூடேற்றினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. இடது கை குட்டையாகவே நின்றுவிட்டது. அவர் படங்களைப் பாருங்கள், அந்தக் கை வாள்பிடியில் இருக்கும், அல்லது கையுறையைப் பிடித்திருக்கும். கையை மறைக்க அரசனுக்கு வாள் இருந்தது.

எங்கள் பிள்ளைகளுக்கு மறைக்க இடமில்லை. வலது கை எழும்பாத ஒரு பையன் ஊர்க்கடையில் இடது கையால் காசு நீட்டினான். "காலனிக்காரனுக்கு எவ்வளவு திமிரு, எடது கையால குடுக்கிறான்" என்று கடைக்காரர் காசைத் தட்டிவிட்டார். வேறு வீட்டுப் பிள்ளை என்றால் 'பாவம், கை முடியாது' என்றிருப்பார். கோயில் திருவிழாவில் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிடாததற்கும், வகுப்பில் வலது கையைத் தூக்கிப் பதில் சொல்லாததற்கும் இதே தீர்ப்புதான் கிடைக்கிறது. ஊனத்தைப் பார்ப்பதற்கு முன்பே சாதியைப் பார்த்துவிடுகிற கண் அது. இப்போது அந்தப் பையனின் அம்மா அவனைக் கடைக்கு அனுப்புவதில்லை. அனுப்ப வேண்டும் என்றுதான் நாங்கள் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உடன் அண்ணனோ அக்காவோ போகட்டும், ஆனால் காசை அவன் நீட்டட்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று கிடைத்தால், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதம், அரசு வேலையில் 4 சதவீதம் இடஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழுக்காக நடையாய் நடந்து வாங்கும் நம் மக்கள் இந்தச் சான்றையும் வாங்க வேண்டும். ஒரு கை மட்டும் பாதித்த பிள்ளைக்கு 40க்குக் கீழே போட்டுவிடவும் கூடும். அப்போது விட்டுவிடாமல் மேல்முறையீடு செய்யுங்கள், சட்டம் அதற்கு இடம் தருகிறது. எழுதும் கை பாதித்திருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம். தேர்வு நெருங்கியபிறகு அலையாமல் ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரவேண்டும். குறை தெரிந்த பிள்ளையை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பவேண்டும். சூளையில் அங்கன்வாடி இல்லை. அதனால் குழு வரும்வரை காத்திருக்காமல் நாமே அந்த மையத்துக்குப் போகலாம். இயன்முறை மருத்துவம் அங்கே கட்டணமில்லாமல் கிடைக்கும்.

தடுப்பூசி 6, 10, 14 வாரங்களில் போடுகிறார்கள். 14ஆவது வார ஊசி மூன்று மாதம் முடிந்த கையோடு வருகிறது. சூளையில் இருந்தாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டினால் போடுவார்கள். அன்று செவிலியரிடம் ஊசி போடுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "இந்தக் கையில முழங்கை மடங்குதா, பாத்துச் சொல்லுங்கம்மா." மடங்கவில்லை என்றால் அங்கேயே மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.