கீமோவுக்குப் பின் மரத்துப்போகும் கைகால்கள்: சிகிச்சையும் மார்க்கச் சலுகைகளும்

புற்றுநோய் சிகிச்சை முடித்து வந்தவரிடம் நாம் கேட்பது, "கட்டி கரைந்துவிட்டதா?" என்பதைத்தான். "அல்ஹம்துலில்லாஹ், கரைந்துவிட்டது" என்றதும் நிம்மதியாகி விடுகிறோம். ஆனால் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை, காலிலிருந்து செருப்பு கழன்றதும் தெரியவில்லை என்பதை நாம் கேட்பதுமில்லை, அவர் சொல்வதுமில்லை.

இது முதுமையோ, வெறும் பலவீனமோ அல்ல. கீமோதெரபி மருந்துகளில் சில நரம்புகளையும் பாதிக்கின்றன. மார்பகப் புற்றுக்குத் தரப்படும் பாக்லிடாக்சல், குடல் புற்றுக்கான ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. முதுகுத்தண்டின் அருகிலிருந்து பாதம் வரை செல்லும் நரம்புகளே மிக நீளமானவை. எனவே பாதிப்பு பெரும்பாலும் கால்விரல்களில் தொடங்கி மேலேறும், கைவிரல்களுக்கும் வரும். மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி ஆகியவை இதன் அடையாளங்கள்.

4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஆய்வு, கீமோ முடிந்த முதல் மாதத்தில் 68 சதவீதம் பேருக்கும், ஆறு மாதம் கடந்தபின் 30 சதவீதம் பேருக்கும் இப்பாதிப்பு இருந்ததாகக் கூறுகிறது. பலருக்கு மெல்லக் குறைகிறது; சிலருக்கு நிலைத்துவிடுகிறது.

மலையும் குளிரும்

போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து, போடிமெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் ஏராளம். ஏலக்காய் பறிப்பது விரல் உணர்வை நம்பிய வேலை. விரல் மரத்தால் கூலி போகும். பாதம் மரத்தால் அட்டை கடித்ததும் கல் குத்தியதும் தெரியாது. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் அந்தப் புண் பெரிதாகும்.

ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய முதல் சில நாட்களில் குளிர்ந்த நீரைத் தொட்டாலே மின்சாரம் பாய்ந்தது போலிருக்கும்; குடித்தால் தொண்டை இறுகும். இந்த நிலையில் மலைக்குளிரில் பஜ்ருக்குப் பச்சைத் தண்ணீரில் உளூ செய்வதுதான் ஈமானின் உறுதி என்று சிலர் நினைக்கிறார்கள்.

மார்க்கம் சொல்வது

நோயாளிக்குத் தயம்மும் அனுமதி குர்ஆனிலேயே (4:43, 5:6) உள்ளது. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் குளிப்புக் கடமையான நிலையில், கடுங்குளிர் உயிருக்கு ஆபத்தாகுமென அஞ்சி, தயம்மும் செய்து தொழவைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் காரணத்தைக் கேட்டுச் சிரித்தார்களே தவிர, கண்டிக்கவில்லை என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

எனவே முதலில் வெந்நீரில் உளூ செய்யலாம். மரத்த கைக்குச் சூடு தெரியாது என்பதால், நீரின் பதத்தை வீட்டார் பார்த்துக் கொடுக்க வேண்டும். தண்ணீரே தீங்கு தரும் என மருத்துவர் சொன்னால் தயம்மும் போதும். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம். இது அல்லாஹ் தந்த சலுகை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிகிச்சை என்ன?

முதல் மதமதப்பிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பது, இடைவெளி விடுவது பற்றி அவர் முடிவு செய்வார். "சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்கள்" என்று மறைப்பதும், நாமாகவே நிறுத்திக்கொள்வதும் ஆபத்து. பாதிப்பை முன்கூட்டியே தடுக்க நிரூபணமான மருந்து இல்லை. வலிக்கு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020-ல் பரிந்துரைத்த ஒரே மருந்து டுலோக்ஸெட்டின். அதையும் மருத்துவரே எழுதித்தர வேண்டும். "நரம்புக்கு நல்லது" என்று பி6 வைட்டமினை அளவுமீறி விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

நடைப்பயிற்சியும் பிசியோதெரபியும் பலருக்கு உதவுகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் வலிநிவாரண சிகிச்சையும் உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதியுங்கள்.

வீட்டாரும் ஜமாஅத்தும்

வீட்டில் குளியலறைத் தரை வழுக்காமலும், இரவில் விளக்கு எரியவும் ஏற்பாடு செய்யுங்கள். தினமும் அவர் பாதத்தை நீங்களே பார்த்துப் புண் இருக்கிறதா எனக் கவனியுங்கள். பள்ளிவாசல்களில் உளூ செய்யுமிடத்தில் கைப்பிடி, வெந்நீர், சில நாற்காலிகள் இருந்தால் அவரும் ஜமாஅத்தில் சேர்வார். நலம் விசாரிப்பது சுன்னத். இனி விசாரிக்கும்போது, "கைகால் மரக்கிறதா?" என்றும் கேட்போம்.

வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.