கம்பியைச் சோதியுங்கள்

போட்டிக்கு முதல்நாள் இரவு, நம் வீட்டுச் சிறுவனின் ஆட்டக் கைக்கருவி விட்டுவிட்டு ஓய்ந்தது. புதிது கேட்டான். மாதக் கடைசியில் குமாஸ்தா வீட்டில் பணமேது?

பலர் கூடும் அரங்கில் கம்பியில்லாக் கருவிகளின் அலைகள் குழம்பக்கூடுமாதலின், போட்டிக்குக் கம்பிக் கருவியே விரும்பப்படுகிறது. அக்கம்பியே முதலில் நலிவதும் உண்டு.

விண்டோஸ் கணினியில் 'ஜாய்.சிபிஎல்' என்னும் சோதனைத் திரையைத் திறந்தோம். அழுத்திய பொத்தான்கள் யாவும் ஒளிர்ந்தன. குச்சியின் குறியும் நடுவில் நின்றது. செருகியருகே கம்பியை மெல்ல வளைத்ததும் எல்லாம் மறைந்தன. வேறு துளையிலும் அதே கதை. குற்றம் கருவியினதன்று, கம்பியினதே.

கழற்றக்கூடிய கம்பியாதலால், கைபேசிக் கம்பியொன்றைப் பொருத்தினோம். விளக்கு எரிந்தது, கணினியோ கருவியை அறியவில்லை. சில கம்பிகள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும்; செய்தியைக் கடத்தா. இரண்டையும் கடத்தும் மற்றொன்றால் கருவி உயிர்பெற்றது.

அன்பர்களே, கருவியைக் கைவிடுமுன் கம்பியைச் சோதியுங்கள். மாற்றுக் கம்பியொன்றும் பையில் இருக்கட்டும்.