குழலில் எடை எங்கே இருக்கிறது?

கோடைக்கானல் வானாய்வகத்தில் 6 அங்குல லென்ஸ் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 1850இல் பாரிஸின் லெரெபூர்–செக்ரெத்தான் நிறுவனம் செய்த அது, முதலில் நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வகத்துக்கு வந்தது. அன்று சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்க, கண்ணாடிச் சாமானானாலும் பீரங்கியானாலும் மசூலா படகில் அலை தாண்டித்தான் கரையேற வேண்டும். 1898இல் டப்ளினின் கிரப் நிறுவனம் அந்தத் தொலைநோக்கியைப் பிரித்து, சூரியனைப் படம்பிடிக்கும் கருவியாக மாற்றிக் கட்டியது.

பழைய தொலைநோக்கியைப் பிரித்துக் கட்டுவது ஒன்றும் பாவமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். நல்ல முகப்பு லென்ஸ் நூறு வருடம் தாண்டியும் உழைக்கும். அதைத் தாங்கும் இரும்பும் பித்தளையும் அப்படியே இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ அப்படியொரு 6 அங்குலக் கருவி கையில் கிடைத்தால் முதல் தகராறு மாடிப்படியில்தான். 16.5 செ.மீ. விட்டம், 2 மீட்டர் நீளம், 3 மி.மீ. கனத்தில் இரும்புக் குழல் என்றால் அது மட்டுமே 24 கிலோ. அதைத் தாங்கிச் சுழலும் அச்சின் மறுபக்கம் ஈடுகட்டும் எடை, அத்தனையையும் சுமக்கும் கால் என்று சேர்த்தால் இரண்டு ஆள் வேலை. மொட்டை மாடிக்கு ஏற்ற முடியாத தொலைநோக்கி கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும்.

அதே அளவுக் குழலை 2 மி.மீ. அலுமினியத் தகட்டை உருட்டிச் செய்தால் ஐந்தரைக் கிலோவில் முடிந்துவிடும். மெல்லிசாகப் போனால் வளைந்துவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். இங்கேதான் இயற்பியல் நம் பக்கம் நிற்கிறது. அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எடையும் அதே மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், தன் எடையால் மட்டும் தொய்வதைப் பார்த்தால் இரண்டு குழலும் ஒரே அளவுதான் தொய்யும். தகட்டின் கனத்தைக் குறைத்தாலும் இந்தத் தொய்வு மாறாது. தொய்வைக் குறைக்க வேண்டுமானால் விட்டத்தைக் கூட்ட வேண்டும். பி.வி.சி. குழாய் இதில் தேறாது. அலுமினியத்தில் பாதி எடைதான், ஆனால் அதே வடிவத்தில் பத்து மடங்குக்கு மேல் தொய்யும். சின்னக் கருவிக்குச் சரி, 2 மீட்டர் நீளத்துக்கு வேண்டாம்.

ஆனால் குழலை மாற்றியதோடு நின்றுவிடுபவர்கள் பாதி லாபத்தை விட்டுவிடுகிறார்கள். ஃபோகஸ் திருகைத் தொட்டதும் சனி கிரகம் ஆடுகிறதே, அந்த ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை மொத்த எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. எடை எங்கே இருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. குழலின் நடுவில் அச்சு இருந்தால், முனையில் குறைக்கும் ஒரு கிலோ, குழல் முழுக்கப் பரவலாகக் குறைக்கும் மூன்று கிலோவுக்குச் சமம். ஆகவே கை வைக்க வேண்டிய இடம் முனைகள்: பித்தளையில் வார்த்த லென்ஸ் கூடு, கனமான பனிமூடி, ஐபீஸ் பக்கத்துப் பல்சக்கரப் பெட்டி. பனிமூடிக்குக் கெட்டி அட்டையே போதும். லென்ஸ் பக்கம் இலேசானதும் சமநிலைப் புள்ளி ஐபீஸை நோக்கி நகரும். தலைக்கு மேலே பார்க்கும்போது ஐபீஸ் அவ்வளவு கீழே இறங்காது, காலைக் குட்டையாக்கலாம், குட்டைக் கால் குறைவாக ஆடும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று தானாகக் குறைகிறது.

எடையோடு மல்லுக்கட்டியது நாம் மட்டுமல்ல. 1670களில் டான்சிக் துறைமுக நகரில் வானியலாளர் ஹெவேலியஸ் 46 மீட்டர் நீளத் தொலைநோக்கியை மூடிய குழலே இல்லாமல், பலகைகளால் கட்டி, கம்பத்தில் கயிறும் கப்பியும் போட்டுத் தொங்கவிட்டார். காற்றடித்தால் எல்லாம் ஆடியது. 1684இல் ஹைகன்ஸ் பலகையையும் விட்டார். லென்ஸைக் கம்பத்தின் மேல் நிறுத்தி, கீழிருந்து ஒரு நூலால் திசை காட்டினார். எனக்கு அவர்கள் துணிச்சல் பிடிக்கும், வழி பிடிக்காது.

வடசென்னையில் இந்த வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கைதேர்ந்த லேத் பட்டறைகள் உண்டு. குழாய்க்கும் தகட்டுக்கும் செம்புதாஸ் தெரு இருக்கிறது. குழலைப் பிடிக்கும் வளையங்களை 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில் அறுத்து உள்ளே ஃபெல்ட் ஒட்டினால் மெல்லிய தகடு நசுங்காது. பட்டறையில் செய்வது தரம் குறைந்தது என்ற எண்ணத்துக்கு வானியலாளர் வைணு பாப்பு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்: காவலூரில் 1960களின் இறுதியில் அவர் நிறுவிய 38 செ.மீ. தொலைநோக்கி கோடைக்கானல் பட்டறையில் உருவானது.

மணலி ஆலைகளின் வெளிச்சத்தில் மங்கலான நெபுலாக்கள் தெரியாது. அதற்காக வருத்தப்படத் தேவையில்லை. நிலா, வியாழன், சனி, இரட்டை நட்சத்திரங்கள் இவற்றுக்குத்தான் நீளக் குவியத் தொலைநோக்கியே; அவற்றை ஊர் வெளிச்சம் ஒன்றும் செய்யாது. வெயில் குடித்த கான்கிரீட் மாடிதான் நிஜமான எதிரி. அது சூட்டைக் கக்கி முடியும்வரை பிம்பம் கொதிக்கும், பத்து மணிக்கு மேல் பாருங்கள். 2 மீட்டர் அலுமினியக் குழல் 5 டிகிரி குளிர்ந்தால் கால் மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும் என்பதால் நடுவில் ஒருமுறை ஃபோகஸைச் சரிசெய்ய நேரும்.

கடற்காற்று இன்னொரு தொல்லை. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகைக் கிரீஸ் இல்லாமல் முடுக்கினால், உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்து, இரண்டும் கடித்துக்கொள்ளும். பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். புதிய லென்ஸ் கூட்டைக் கடையும்போது டர்னர் பெருமைக்காகக் கச்சிதமாகக் கடைந்துவிடுவார். கண்ணாடியைவிட அலுமினியம் அதிகமாகச் சுருங்கும், ஆகவே சுற்றிலும் மயிரிழை இடைவெளி இருக்கட்டும். மாட்டி முடித்ததும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் கொஞ்சம் ஃபோகஸ் தவறவிட்டுப் பாருங்கள். வட்டமாகத் தெரியாமல் மூன்று மூலையாகத் தெரிந்தால் லென்ஸ் நெரிபடுகிறது. பிடி வளையத்தைக் கால் சுற்று தளர்த்துங்கள்.