தாயைப் பார்த்துக் குட்டி எடு

திண்டுக்கல் மாவட்டத்தில் சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் என்று மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில், தோப்பு வீட்டுக்குப் போகிறவர் நேராக உள்ளே நுழைவதில்லை. வெளியே நின்று, “நாயைக் கட்டியிருக்கா?” என்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார். கீழே தென்னந்தோப்பு. மேலே ஏறினால் தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்கள். இருட்டியதும் காட்டுப்பன்றி இறங்கும். களத்தில் தேங்காய் குவிந்து கிடக்கும். அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில்கூட இருக்காது. இப்படிப்பட்ட நிலத்தில் பெரிய நாய் என்பது ஆசைக்கு வைத்துக்கொள்வது அல்ல. மாடு, கிணறு, மோட்டாரைப் போலப் பண்ணையத்தில் ஒன்று.

அந்த நாயை மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் வைத்து, ஈத்து ஈத்தாகக் குட்டி எடுத்து வளர்த்த குடும்பங்கள் தென் மாவட்டங்களில் இருக்கின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நாட்டு இனங்கள் இன்றும் நம் கண்முன் நடமாடக் காரணம் அந்தக் குடும்பங்கள்தான். அரசாங்கமும் கண்காட்சியும் வெகு பிந்தி வந்தவை.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கும்பினியார் கைக்குப் போன திண்டுக்கல் சீமையில் பல பாளையங்கள் இருந்தன. இன்று தேனி மாவட்டத்தில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோம்பை அவற்றில் ஒன்று. கோம்பை நாய்க்குப் பெயர் வந்தது அந்த ஊரால்தான். செவலை நிறம், கரிய மூஞ்சி, அகன்ற தாடை, ஏறக்குறைய இரண்டடி உயரம்: இதுதான் கோம்பை நாய். பன்றியை மடக்கவும் ஆட்டுக்கிடையையும் தோட்டத்தையும் காக்கவும் வைத்துக்கொண்டது. ராஜபாளையம் அதைவிட உயரம். நல்ல கடுவன் 70 சென்டிமீட்டரைத் தாண்டும். பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அதை, விஜயநகரக் காலத்தில் தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் வீட்டுக் காவலாகப் பேணினார்கள். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது ராஜபாளையம்தான்.

நாய் வளர்க்கும் குடும்பத்தின் கணக்கு மனிதக் கணக்கைவிட வேகமாக ஓடும். ஒரு பெட்டை மூன்று வயதுக்குள் தாயாகிவிடும். தாத்தா தொடங்கிப் பேரன் கைக்கு வர 45 ஆண்டு என்றால், அதற்குள் நாய்க்குப் பதினைந்து தலைமுறை கடந்திருக்கும். பதினைந்து முறை அந்த வீட்டில் யாரோ ஒருவர் முற்றத்தில் உட்கார்ந்து, இந்த ஈத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது, இந்தப் பெட்டையை எந்த ஊர்க் கடுவனோடு சேர்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறார். பிள்ளையைக் கண்டால் சீறும் நாயின் வாரிசு நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறார். வேற்றாள் வந்தால் எழுந்து நின்று குரைத்து, சொந்தக்காரர் ஒரு சொல் சொன்னதும் படுத்துக்கொள்ளும் நாயின் குட்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறார். இனம் என்று நாம் சொல்வது இந்த முடிவுகளின் மொத்தத்தைத்தான்.

அந்த வீடுகளில் குட்டியை விற்பது வழக்கமில்லை. உறவுக்கு, சம்பந்தி வீட்டுக்கு, நம்பிக்கையான கூட்டாளிக்குக் கொடுப்பார்கள். கொடுக்கும்போதே, பெட்டையென்றால் ஈத்தில் ஒரு குட்டி எங்களுக்குத் திரும்பி வர வேண்டும் என்று பேசிக்கொள்வதுண்டு. இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கொடுத்த வீட்டுக்கும் வாங்கிய வீட்டுக்கும் நடுவில் போக்குவரத்து அறுவதில்லை. நாய் எப்படி வளர்ந்தது, என்ன நோய் கண்டது, யாரைக் கடித்தது என்ற செய்தியெல்லாம் கொடுத்தவர் காதுக்கு வந்து சேரும். அடுத்த சேர்க்கைக்கு அதுதான் பாடம்.

வேலையும் லேசானதல்ல. பெட்டை பருவத்துக்கு வந்த ஒன்பதாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு வீட்டில் ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும். வேலி தாண்டி எந்த நாய் வந்தாலும் வம்சம் போயிற்று. சினைக்காலம் சுமார் 63 நாள். குட்டி கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாள். அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியமான காலம். மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைக்கும் குட்டி எதையெல்லாம் பார்க்கிறதோ, அதையெல்லாம் உலகத்தின் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். கூட்டுக்குடும்பத்துத் தோட்ட வீட்டில் குழந்தைகள், கிழவிகள், ஆடு மாடு, தேங்காய் வெட்ட வரும் ஆட்கள் எல்லாரும் அந்தக் குட்டிக்குத் தெரிந்த முகங்கள். காவல் நாய்க்கு நிதானம் வந்தது இங்கேதான். அந்த மூன்று மாதத்தைக் கூண்டுக்குள் கழித்த குட்டி, வளர்ந்த பிறகு பயத்திலேயே கடிக்கும்.

குறையும் உண்டு, அதை மூடி மறைத்தால் நாய்க்குத்தான் கேடு. ராஜபாளையத்தில் வெள்ளை வெள்ளை என்று தேடி மற்ற நிறக் குட்டிகளை ஒதுக்கியதன் விளைவு, செவிட்டுக் குட்டிகள். தோலுக்கு நிறம் தரும் அதே உயிரணுக்கள் உட்காது வேலை செய்யவும் தேவை. நிறத்தை ஒரேயடியாக அழித்தால் சில குட்டிகளுக்குக் காதும் போய்விடும். ஊர் சிறுக்கச் சிறுக்க நல்ல கடுவன்களும் அரிதாகி, அண்ணன் தங்கையையே சேர்க்கும் நிலை பல வீடுகளில் வந்தது. அப்படிப் பிறக்கும் குட்டிக்கு இரத்த நெருக்கத்தின் அளவு 25 சதவீதம். இரண்டு மூன்று தலைமுறை இது தொடர்ந்தால் ஈத்து சிறுக்கும், குட்டிகள் தங்காது, நோயைத் தாங்கும் வலு குறையும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஒன்றுதான்: யாரும் எழுதி வைக்கவில்லை. தாத்தாவுக்குத் தெரிந்தது தாத்தாவோடு போயிற்று. ஜெர்மனியிலும் ஆடு மேய்க்கிறவர்களிடம் இருந்த நாய்தான் அல்சேஷன் என்று நாம் அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு. 1899-ல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற படை அதிகாரி அப்படி ஒரு நாயை வாங்கி, ஹொராண்ட் என்று பெயரிட்டு, வம்சப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஏற்றினார். கூடவே ஒரு சங்கமும் தொடங்கினார். இன்று உலகமெங்கும் இருக்கும் அந்த நாய்களின் பூர்விகத்தை அந்தப் பக்கம் வரைக்கும் தேடிப் போகலாம். நம்மிடம் நாய் இருந்தது, அறிவு இருந்தது, நோட்டுப் புத்தகம் மட்டும் இல்லை.

பிறகு வந்தவை அடிமேல் அடி. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, நாளடைவில் முயல் வேட்டையும் பன்றி வேட்டையும் குற்றமாயின. அது சரியான சட்டம். ஆனாலும் வேட்டை நாய்க்கு வேலை இல்லாமல் போனது உண்மை. 1978 வாக்கில் உலகில் தலைகாட்டிய பார்வோ வைரஸ் நம் ஊர்களுக்கும் வந்தது. தடுப்பூசி தெரியாத வீடுகளில் குட்டிகள் இரத்தமாகக் கழிந்து செத்தன. டவுனில் பணம் சேர்ந்தவர்கள் டாபர்மேனும் ராட்வைலரும் வாங்கினார்கள்.

சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய்களுக்கென ஓர் இனப்பெருக்க நிலையம் நடத்தியது. பின்னாளில் உயர் நீதிமன்றம் அதை மூடச் சொல்லும் நிலைக்குப் போனது. எழுத்தில் இந்த நாய்களுக்காகத் தொடர்ந்து வாதாடியவர் சு. தியடோர் பாஸ்கரன். இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 2017-ல் வெளிவந்தது. தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கின்றன. மூன்றாவது கர்நாடகத்து முதோல். பிரதமர் 2020 ஆகஸ்டில் வானொலியில் நம் நாய்களின் பெயர்களைச் சொன்னதும் குட்டிக்குக் கிராக்கி ஏறியது. கிராக்கி ஏறியதும் கலப்படமும் ஏறியது. வெள்ளையாக இருந்தால் ராஜபாளையம், செவலையாக இருந்தால் கோம்பை என்று விற்கிறவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. அதற்கு முன்பே, மார்ச்சில், 23 இனங்களைத் தடை செய்யும்படி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழக அரசும் சிறுமி கடிபட்ட சில நாட்களில் தடை அறிவித்து, வந்த வேகத்தில் திரும்பப் பெற்றது. அந்தக் குழந்தை பட்ட வேதனைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். எட்டடிச் சந்தில், ஓட இடமில்லாமல், வேற்று முகம் காட்டாமல் நாற்பது கிலோ நாயை வளர்ப்பது எந்த இனமானாலும் ஆபத்துதான். நாட்டு நாய் என்பதால் அதற்கு விதிவிலக்கு இல்லை. தோட்டம் இல்லாதவர், தினமும் காலையும் மாலையும் கூட்டிக்கொண்டு நடக்க முடியாதவர், கோம்பையையோ ராஜபாளையத்தையோ வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் நல்ல குடும்பங்கள் ஏற்கெனவே கடைப்பிடித்ததையே சட்டமாக்கின. பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் வளர்ப்புக் கொள்கையும் நாட்டு இனங்களுக்கு முதலிடம் தந்தது. நம் வெயிலைத் தாங்காத ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்றவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்ய வேண்டாம் என்றது. காகிதத்தில் குறையில்லை. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் நாட்டு நாய்களுக்கு ஒரு வம்சப் பதிவேடு வைத்தால், அதுவே பெரிய காரியம்.

நாய் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர் இருக்கும்போதே ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தப் பெட்டை, எந்த ஊர்க் கடுவன், என்ன தேதி, எத்தனை குட்டி, எத்தனை தங்கியது, யார் வீட்டுக்குப் போனது, காது கேட்கிறதா என்று எழுதுங்கள். நெருங்கிய இரத்தத்தில் சேர்க்காதீர்கள். பக்கத்து மாவட்டத்துக்குப் பெட்டையைக் கொண்டுபோகும் செலவைப் பார்க்காதீர்கள்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. போனில் படம் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நேரில் போய், தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அது வீட்டுப் பிள்ளைகளோடு எப்படிப் பழகுகிறது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டுங்கள். திரும்பாவிட்டால் காது இல்லை என்று பொருள். தடுப்பூசிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசியைத் தவறாமல் போடுங்கள். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி எடுக்காதீர்கள்.