ஆண்டுக்கு ஒரு நாள் திறக்கும் கோட்டம்

சித்திரை மாதம். பௌர்ணமி நாள். இன்னும் விடியவில்லை. ஆனால் வண்டிப்பெரியார் கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிட்டது. தேயிலைத் தோட்ட லயங்களில் இருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். தலை குளித்துப் பூ வைத்திருக்கிறார்கள். சிலர் கையில் சோற்றுத் தூக்கு. சிலர் இடுப்பில் பிள்ளை. எல்லோரும் குமுளி போகும் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள்.

மற்ற நாள் என்றால் இவர்கள் கொழுந்து கிள்ளப் போக வேண்டும். இன்று மலைக்குப் போகிறார்கள். ஆண்டில் இந்த ஒரு நாள்தான் அங்கே போக முடியும்.

முதல் தடவை போகும் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும். பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்விதான் அது.

"அம்மாச்சி, மலை மேல கோட்டையா இருக்கு?"

"கோட்டை இல்லப்பா. கோட்டம். கண்ணகி கோட்டம்."

கோட்டை வேறு. கோட்டம் வேறு. அரசன் படையோடு இருந்த இடம் கோட்டை. பழைய தமிழில் கோட்டம் என்றால் கோயில். ஆனாலும் பிள்ளை கேட்டதில் தவறு இல்லை. உயர்ந்த மலை உச்சி. அங்கே இடிந்த கருங்கல் சுவர்கள். இரண்டு மாநிலங்களின் எல்லை. காவலுக்குப் போலீஸ். இதை எல்லாம் பார்த்தால் யாருக்கும் கோட்டை என்றுதான் தோன்றும்.

இந்த இடத்துக்கு மங்கலதேவி என்று பெயர். கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் சேரும் இடத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,337 மீட்டர் உயரம். குமுளியில் இருந்து ஜீப்பில் போனால் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஜீப் பாதை பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் கூடலூர் அருகே பளியன்குடி என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர் செங்குத்தாக நடந்தும் ஏறலாம். வயதான பெண்கள் கூட நேர்ந்துகொண்டு நடந்தே ஏறுகிறார்கள்.

எதற்காக இவ்வளவு சிரமப்பட்டு ஏறுகிறார்கள்? அதற்கு ஒரு கதை தெரிய வேண்டும்.

அது சிலப்பதிகாரம் சொல்லும் கதை. இதை எழுதியவர் இளங்கோவடிகள். கதையின் முதல் பாதி பலருக்கும் தெரியும். கண்ணகியும் கோவலனும் பூம்புகாரில் பிறந்தவர்கள். பொருளை எல்லாம் இழந்து பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்தார்கள். கண்ணகியின் காற்சிலம்பை விற்கக் கோவலன் கடைவீதிக்குப் போனான். அரண்மனைப் பொற்கொல்லன் ஒருவன், பாண்டிய அரசியின் சிலம்பைத் திருடியவன் இவன்தான் என்று பழி போட்டான். அரசன் விசாரிக்கவில்லை. கோவலன் வெட்டப்பட்டான்.

கண்ணகி தன் மற்றொரு சிலம்போடு அரசவைக்குப் போனாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம். உடைத்துக் காட்டினாள். மாணிக்கம் தெறித்தது. தவறு செய்துவிட்டோம் என்று அறிந்த அரசன் அங்கேயே உயிர் விட்டான். கண்ணகியின் கோபத்தில் மதுரை எரிந்தது.

பல பேர் கதையை இத்துடன் நிறுத்திவிடுவார்கள். சினிமாவும் நாடகமும் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். ஆனால் மங்கலதேவி மலைக்கு உரிய கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மதுரைக்குள் கண்ணகி கிழக்கு வாசல் வழியாகக் கணவனோடு வந்தாள். மேற்கு வாசல் வழியாகத் தனியாக வெளியேறினாள். போகும் முன் கொற்றவை கோயில் வாசலில் தன் கை வளையல்களை உடைத்துப் போட்டாள். பிறகு வைகைக் கரையைப் பிடித்து மேற்கே நடந்தாள். இரவு என்று பார்க்கவில்லை. பகல் என்று பார்க்கவில்லை. கணவன் இறந்த 14-ஆம் நாள் ஒரு மலையில் ஏறி, ஒரு வேங்கை மரத்தின் கீழ் நின்றாள். அவளை அழைத்துப் போக வானத்தில் இருந்து கோவலன் வந்தான். இருவரும் வானுலகம் போனார்கள். இதைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள் அந்த மலையில் இருந்த குறவர்கள். அவளைத் தங்கள் குலதெய்வமாகக் கொண்டு கூத்தாடினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணகியைத் தெய்வமாக முதலில் வணங்கியவர்கள் அரசர்கள் அல்ல, புலவர்களும் அல்ல. காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த மலைமக்கள்.

அந்தச் சமயத்தில் சேர அரசன் செங்குட்டுவன் மலைவளம் பார்க்க வந்தான். அரசி வேண்மாளும் கூட வந்தாள். பேரியாற்றின் மணல்கரையில் தங்கினார்கள். பேரியாறு என்பது இன்றைய பெரியாறுதான். வண்டிப்பெரியார் ஊருக்கு நடுவே ஓடுவதும் அதே ஆறுதான். மலைமக்கள் யானைத் தந்தம், சந்தனம், தேன் எல்லாம் கொண்டுவந்து அரசன் முன் வைத்தார்கள். கூடவே தாங்கள் பார்த்த அதிசயத்தையும் சொன்னார்கள். அங்கிருந்த புலவர் சாத்தனார் மதுரையில் நடந்தது முழுவதையும் விளக்கினார்.

அரசன் அரசியிடம் ஒரு கேள்வி கேட்டான். கணவன் இறந்ததும் தானும் இறந்தாளே பாண்டிய அரசி, அவள் பெரியவளா? நீதி கேட்டு நம் நாட்டுக்கு வந்தாளே கண்ணகி, அவள் பெரியவளா? வேண்மாள் சொன்ன பதில் இது: பாண்டிய அரசிக்கு வானுலகில் சிறப்புக் கிடைக்கட்டும். நம் நாட்டுக்கு வந்த பத்தினியை நாம் வணங்க வேண்டும்.

ஆக, கோயில் கட்டும் எண்ணத்தைச் சொன்னவள் ஒரு பெண். செங்குட்டுவன் இமயமலை வரை படை கொண்டு போனான். எதிர்த்து நின்ற கனகன், விசயன் என்ற அரசர்களைத் தோற்கடித்தான். இமயத்தில் எடுத்த கல்லை அவர்கள் தலையிலேயே ஏற்றினான். கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்தான். போய்த் திரும்ப 32 மாதம் ஆயிற்று. அந்தக் கல்லில் கண்ணகி உருவம் செய்து கோட்டம் அமைத்தான். இலங்கை அரசன் கயவாகுவும் அந்த விழாவுக்கு வந்ததாக நூல் சொல்கிறது. கயவாகு 2-ஆம் நூற்றாண்டில் ஆண்டவன் என்பது இலங்கை வரலாறு.

இது கதை. இனி, அந்தக் கோட்டம் இதுதானா என்று பார்ப்போம்.

சிலப்பதிகாரம் ஓலைச்சுவடியாகக் கிடந்தது. உ.வே. சாமிநாதையர் 1892-இல் அதை அச்சில் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் பலரும் படித்தார்கள். கண்ணகி ஏறிய மலை எது என்று தேடினார்கள். இந்தக் கேள்வி புதியது அல்ல. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே உரை எழுதியவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஒருவர் திருச்செங்கோடு என்றார். அடியார்க்கு நல்லார் அதை மறுத்தார். கொடுங்கல்லூர் பகவதி கோயில்தான் கண்ணகி கோயில் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

1963-இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் மங்கலதேவி மலைக்கு வந்தார். அவர் வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தை மட்டும் பார்த்தவர் அல்ல. கண்ணகி நடந்த வழி என்று நூல் சொல்லும் வழியையே தேடிப் போனார். இந்தக் கோயில்தான் கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார்.

இதற்குச் சாதகமாக என்ன சொல்கிறார்கள்? மதுரையில் இருந்து ஆற்றங்கரையாக மேற்கே நடந்தால் தேனி, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இந்த மலைத்தொடருக்குத்தான் வந்து சேர முடியும். மலைக்கு மறுபக்கம் பெரியாறு. உயர்ந்த மலையில் மங்கல மடந்தை கோட்டம் என்று ஒரு கோயில் இருந்ததாகச் சிலப்பதிகாரமே சொல்கிறது. மங்கல மடந்தையும் மங்கலதேவியும் ஏறக்குறைய ஒரே பெயர். கோயில் கற்களில் பழைய தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன.

எதிராகவும் சொல்ல இருக்கிறது. செங்குட்டுவன் தன் தலைநகரான வஞ்சியில் கோட்டம் அமைத்தான் என்பது பலருடைய கருத்து. இப்போது மலையில் நிற்கும் கட்டடம் செங்குட்டுவன் காலத்தது அல்ல. பாண்டியர் பாணியில் பின்னால் கட்டியது. பழைய கோயில் இருந்த இடத்திலேயே பின்னால் வந்தவர்கள் கல்லில் கட்டியிருக்கலாம். அப்படிப் பல ஊர்களில் நடந்திருக்கிறது. ஆனால் நடந்திருக்கலாம் என்பது வேறு. நடந்தது என்பது வேறு. கதை சொல்வதை எல்லாம் கல் சொல்லாது. அதற்காகக் கதை பொய் என்றும் ஆகிவிடாது. ஏறி வரும் பெண்கள் இந்த வாதத்துக்குக் காத்திருக்கவும் இல்லை.

கண்ணகி இந்த ஒரு மலையோடு நிற்கவில்லை. திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகி என்றே சொல்கிறார்கள். அங்கே பெண்கள் லட்சக்கணக்கில் தெருவில் அடுப்பு வைத்துப் பொங்கல் இடுகிறார்கள். இலங்கையில் சிங்கள மக்கள் அவளைப் பத்தினி தெய்யோ என்று வணங்குகிறார்கள். மட்டக்களப்புத் தமிழர்கள் வைகாசி மாதத்தில் குளிர்த்திச் சடங்கு செய்கிறார்கள். மதுரையை எரித்த கோபத்தைக் குளிர்விக்கும் சடங்கு அது. ஒரு பெண் கேட்ட நியாயம் இத்தனை தூரம் போயிருக்கிறது.

இனி மலைக்குத் திரும்புவோம். ஜீப் புல்வெளியில் ஏறி நிற்கிறது. காற்று ஆளைத் தள்ளும். கிழக்கே எட்டிப் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடக்கிறது. மேற்கே காடு. கோயிலைப் பார்த்தவுடன் முதல் தடவை வருபவர்கள் திகைத்துவிடுவார்கள். கோபுரம் எங்கே? பளபளக்கும் மண்டபம் எங்கே? பெரிய பெரிய கருங்கற்களை அடுக்கிய சுவர்கள் மட்டும் நிற்கின்றன. சில இடத்தில் சுவர் சரிந்திருக்கிறது. கற்கள் புல்லில் கிடக்கின்றன.

கல் கட்டடம் ஏன் சரிகிறது? கல் அழியாது என்றுதானே நினைக்கிறோம். கல் அழிவதில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பகை. மலையில் மாதக்கணக்கில் மழை. தண்ணீர் இடைவெளியில் இறங்கி அடியில் உள்ள மண்ணைக் கரைக்கிறது. பறவை போட்ட ஆல விதையோ அரச விதையோ அந்த ஈரத்தில் முளைக்கிறது. முதலில் நூல் போல இருக்கும் வேர் நாளாக ஆகப் பருக்கிறது. இரண்டு ஆள் தூக்க முடியாத கல்லை அது தள்ளிவிடுகிறது. ஒரு கல் நகர்ந்தால் அதன் மேல் உள்ள கல்லுக்குப் பிடிப்பு இல்லை.

இதைச் சரி செய்ய வழி இருக்கிறது. தொல்லியல் துறையினர் ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, படம் எடுத்து, பிரித்து, மறுபடியும் அதே இடத்தில் அடுக்குவார்கள். ஆனால் அதை யார் செய்வது? கோயில் தங்கள் எல்லைக்குள் இருக்கிறது என்று கேரளம் சொல்கிறது. இல்லை, எங்கள் பக்கம் என்று தமிழ்நாடு சொல்கிறது. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்கள் கேரளத்தோடு சேர்ந்தன. தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதிகள் அவை. எல்லை வழக்கு அன்று முதல் பல வடிவத்தில் இருக்கிறது. இதற்கு மேல் காட்டுச் சட்டம் வேறு. புலிகள் காப்பகத்தில் ஒரு கல்லை நகர்த்தவும் வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதிக்கும் வழக்குக்கும் நடுவில் வேர் மட்டும் பருத்துக்கொண்டே இருக்கிறது.

ஆனாலும் சித்ரா பௌர்ணமி அன்று இரண்டு மாநிலமும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. முன்கூட்டியே தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் கூடிப் பேசுகிறார்கள். ஜீப் கட்டணம், குடிதண்ணீர், மருத்துவ உதவி எல்லாம் முடிவு செய்கிறார்கள். கோயிலில் தமிழ்நாட்டுப் பூசாரிகள் ஒரு சன்னிதியில் பூசை செய்கிறார்கள். கேரளப் பூசாரிகள் மற்றொன்றில் செய்கிறார்கள். கும்பிட வந்த பெண்கள் இரண்டிலும் கும்பிடுகிறார்கள்.

போகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. பிளாஸ்டிக் பாட்டில், பை எதுவும் கொண்டுபோகக் கூடாது. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். தூக்குச் சட்டியில் தண்ணீர் கொண்டு போகலாம். மேலே நிழல் குறைவு. வெயில் கடுமையாக இருக்கும். கைப்பிள்ளை இருந்தால் தலைக்குத் துணி வேண்டும். அதிகாலையில் கிளம்புவதே நல்லது. மதியத்துக்குப் பிறகு வருகிறவர்களை மேலே விட மாட்டார்கள். சரிந்த சுவர் மேல் ஏறி நிற்கக் கூடாது. பிள்ளைகள் ஏறத்தான் செய்யும். பிடித்து இறக்கிவிட வேண்டும்.

பொழுது சாயும் முன்பே போலீஸாரும் வனத்துறையினரும் எல்லோரையும் கீழே அனுப்பத் தொடங்குகிறார்கள். பளியன்குடிப் பாதையில் வந்தவர்கள் கிழக்கே இறங்குகிறார்கள். ஜீப்பில் வந்தவர்கள் குமுளி போய் பஸ் பிடிக்கிறார்கள். வண்டிப்பெரியார் பாலத்தைப் பஸ் கடக்கும்போது இருட்டிவிடுகிறது. கீழே பெரியாறு ஓடுகிறது. பிள்ளை அம்மாச்சி மடியில் தூங்கிவிட்டான். அவனுடைய அம்மா கையில் புதிதாக வாங்கிய கண்ணாடி வளையல்கள். நாளைக் காலையில் கொழுந்துக்குப் போக வேண்டும்.